பட்டியலில் ஏறாத அபிராமி

அமெரிக்காவில் பிறக்கும் குழந்தைகளுக்கு என்னென்ன பெயர் வைக்கிறார்கள் என்று அந்நாட்டின் சமூகப் பாதுகாப்புத் துறை ஆண்டுதோறும் எண்ணி வெளியிடுகிறது. 1880 முதலான கணக்கு அவர்களிடம் இருக்கிறது. ஒரு பெயரைத் தட்டினால் போதும், அது எப்போது ஏறியது, எப்போது இறங்கியது என்று தெரிந்துவிடும். நியூ ஜெர்சியில் மகள் வயிற்றில் இருந்த நாட்களில் இந்தப் பட்டியலே எனக்குப் பொழுதுபோக்கு. நான் தேடிய பெயர் அபிராமி. முதல் ஆயிரம் பெயர்களுக்குள் அது எந்த ஆண்டிலும் இல்லை. ஓராண்டில் ஐந்து குழந்தைகளுக்காவது வைத்திராத பெயரை அவர்கள் தேசியப் பட்டியலில் சேர்ப்பதே இல்லை.

திண்டுக்கல்லில் பிறந்தவளுக்கு இது நம்ப முடியாத செய்தி. எங்கள் ஊரில் பள்ளிக்கூட வாசலில் நின்று "ஏ அபிராமி" என்று குரல் கொடுத்தால் நாலைந்து பிள்ளைகள் திரும்பிப் பார்க்கும். இனிஷியலைச் சேர்த்துச் சொன்னால்தான் எந்த அபிராமி என்று விளங்கும். எல்லாம் ஊருக்குள் இருக்கும் கோயிலால் வந்தது. சுவாமி காளகத்தீஸ்வரர்தான், ஆனாலும் ஊர் வாயில் அது அபிராமி அம்மன் கோயில். முன்பு மலைக்கோட்டை உச்சியில் இருந்த அம்மனைத் திப்பு சுல்தான் காலத்தில் கீழே கொண்டுவந்தார்கள் என்று பெரியவர்கள் சொல்வார்கள். மேலே கற்கோயில் சிலையில்லாமல் நிற்கிறது. பௌர்ணமிதோறும் சனங்கள் மலையைச் சுற்றிக் கிரிவலம் போகிறார்கள். கார்த்திகை நட்சத்திரத்தில் பிறந்த பிள்ளைக்கு அ, இ, உ, எ என்ற எழுத்துகளில் பெயர் பார்ப்பது வழக்கம். பெண் குழந்தை என்றால் எங்கள் அம்மாச்சி முதல் எழுத்தைத் தாண்டவே மாட்டார்.

அம்மாச்சி காலத்தில் மாரியம்மாளும் பழனியம்மாளும் வீட்டுக்கு வீடு இருந்தார்கள். அம்மா காலத்தில் சரோஜாவும் வசந்தாவும் வந்தார்கள். திராவிட இயக்கத்தில் ஊறிய வீடுகளில் தமிழ்ச்செல்வியும் மலர்விழியும் பிறந்தார்கள். என் வகுப்பு முழுக்க பிரியா, கவிதா. இன்றைக்கு எண்கணிதம் பார்த்து எழுத்தைக் கூட்டுகிறார்கள், குறைக்கிறார்கள். ஷ, ஸ்ரீ இல்லாத பெயரைத் தேட வேண்டியிருக்கிறது. இத்தனை மாற்றத்திலும் அபிராமி எங்கள் ஊரில் அப்படியே இருந்துகொண்டிருக்கிறாள்.

சினிமா ஒரு பெயரை எங்கிருந்தோ தூக்கி எங்கோ வைத்துவிடும். அமெரிக்காவில் மேடிசன் என்பது முன்பு பெண்களுக்கு வழங்காத பெயர். 1984-இல் வந்த 'ஸ்பிளாஷ்' படத்தில் கடற்கன்னி ஒருத்தி, நியூயார்க் தெருப்பலகையைப் பார்த்து அந்தப் பெயரைத் தனக்கு எடுத்துக்கொள்கிறாள். 2001-இல் மேடிசன் நாட்டிலேயே இரண்டாம் இடம். நம் பக்கத்தில் 1991-இல் 'குணா' வந்தது. ரோகிணி என்ற பெண்ணைக் கமல்ஹாசன் அபிராமி என்றே அழைத்துக்கொண்டிருப்பார். அதைப் படமாக்கிய கொடைக்கானல் குகையும் எங்கள் திண்டுக்கல் மாவட்டத்தில்தான் இருக்கிறது. டெவில்ஸ் கிச்சன் என்று வெள்ளைக்காரர்கள் சொன்ன இடம் இன்று குணா குகை. திவ்யா என்ற நடிகை அந்தப் படத்தின் நினைவாக அபிராமி என்று பெயர் வைத்துக்கொண்டு, பின்னர் 'விருமாண்டி'யில் கமலுக்கே ஜோடியானார். 2024-இல் 'மஞ்சும்மல் பாய்ஸ்' வந்தபோது, 'குணா' வெளியான காலத்தில் பிறந்தேயிராத பிள்ளைகளும் அந்தக் குகையைப் பற்றிப் பேசினார்கள்.

சினிமா தூக்கிய பெயர் இறங்கவும் செய்யும். சினிமா வேண்டாம், மேரியையே எடுத்துக்கொள்ளுங்கள். 1880 முதல் 1946 வரை அமெரிக்காவில் பெண் குழந்தைகளுக்கு வைத்த பெயர்களில் அதுதான் முதலிடம். இன்று முதல் நூறில்கூட இல்லை. ஆனால் திண்டுக்கல்லில் ஆரோக்கியமேரியும் சகாயமேரியும் இன்னும் நம் பக்கத்து வீட்டுக்காரர்கள். கும்பிடும் சாமியோடு ஒட்டிய பெயர் மோஸ்தரைப் பார்த்துக் கலைவதில்லை. என் மகளுக்கு அபிராமி என்று வைக்க இதுவே எனக்குப் போதுமான காரணம்.

ஊரில் குழந்தையின் பிறப்பைப் பெயரில்லாமலே பதியலாம். 12 மாதத்துக்குள் கட்டணமில்லாமலும், அதன் பிறகு 15 ஆண்டு வரை கட்டணம் கட்டியும் பெயரைச் சேர்க்கலாம். இங்கே ஆஸ்பத்திரியை விட்டுக் கிளம்புமுன் பெயர் எழுதச் சொல்லிப் படிவம் நீட்டிவிடுவார்கள். ஆங்கிலத்தில் 'ஹெச்' சேர்த்து எழுதும் அபிராமி ஒரு பெயர், சேர்க்காத அபிராமி வேறொரு பெயர் என்பது சமூகப் பாதுகாப்புத் துறையின் கணக்கு. ஒலி ஒன்றானாலும் எழுத்து மாறினால் தனித்தனியாகத்தான் எண்ணுகிறார்கள். அதனால் நம் பெயர்கள் உள்ளதைவிட இன்னும் அபூர்வமாகத் தெரிகின்றன.

பள்ளியில் சேர்த்ததும் மகளை 'ஆபி' ஆக்கிவிட்டார்கள். அபிகேல் என்ற பெயர் 2000-களில் பல ஆண்டுகள் முதல் பத்துக்குள் இருந்தது. அதன் சுருக்கமான 'ஆபி' அவர்கள் நாக்குக்குப் பழக்கம். வீட்டில் நாங்கள் 'அபி' என்று கூப்பிடுவது வேறு, பெயரே 'ஆபி'யாகிப் போவது வேறு. நான் போய் அ-பி-ரா-மி என்று நாலாகப் பிரித்து ஒரு சீட்டில் எழுதிக் கொடுத்தேன். டீச்சர் அதைத் தன் மேசையில் ஒட்டிவைத்து, தினமும் காலையில் வருகை எடுக்கும்போது பார்த்துப் பார்த்துச் சொன்னார். சீக்கிரமே வகுப்பு முழுக்கச் சொல்லத் தொடங்கிவிட்டது.

வெளிநாட்டில் பிள்ளை பெறும் நம்மவர்களுக்குச் சொல்வது இதுதான். பட்டியலைப் பாருங்கள், தப்பில்லை. இங்குள்ளவர்கள் வாயில் நுழையாது என்று பயந்து உங்கள் ஊர்ப் பெயரைக் கைவிடாதீர்கள். பிறப்புச் சான்றிதழில் முழுப் பெயரையும் எழுதுங்கள். எழுத்துக்கூட்டலை ஒருமுறை முடிவுசெய்து, கடவுச்சீட்டு வரை அதையே வைத்துக்கொள்ளுங்கள். பள்ளி திறந்ததும் ஆசிரியரிடம் போய்ச் சொல்லிக்கொடுங்கள். பொறுமையாகச் சொன்னால் கற்றுக்கொள்கிறார்கள்.