குடும்பமே ஓடிய போட்டி

போட்டி என்றதும் நம் உள்ளத்தில் முதலில் எழும் கேள்வி, "யார் முதலில் வந்தார்?" என்பதுதான். பள்ளிக்கூட ஆண்டு விழாவிலிருந்து உலகக் கோப்பை வரை இதே கேள்விதான். ஆனால், பங்குகொள்பவர்களில் மிகப் பெரும்பாலோர் இந்தக் கேள்வியை நினைத்தும் பாராமல் களத்தில் இறங்கும் ஒரு போட்டி உலகில் உண்டு. அதற்கு 'டிரையத்லான்' என்று பெயர். நீந்துதல், மிதிவண்டி ஓட்டுதல், ஓடுதல் ஆகிய மூன்றையும் ஒன்றன்பின் ஒன்றாக, ஒரே மூச்சில் செய்து முடிக்க வேண்டும். உத்தியோகம் பார்ப்பவர்கள், கடை வைத்திருப்பவர்கள், பேரன் பேத்தி எடுத்தவர்கள் என்று சாதாரண மனிதர்களே இதில் மிகுதியாகக் கலந்துகொள்கிறார்கள். அவர்கள் முந்த நினைப்பது பக்கத்தில் ஓடுகிறவரை அன்று, கடிகாரத்தை. குறித்த நேரத்துக்குள் முடித்துவிட வேண்டும் என்பதே அவர்களின் இலக்கு.

கள்ளக்குறிச்சியில் ஒரு மத்ரஸாவில் பாடம் சொல்லித் தரும் நான், 2023ஆம் ஆண்டு அக்டோபர் மாதம் கோவாவில் நடைபெற்ற அத்தகைய போட்டி ஒன்றில் கலந்துகொண்டு முடித்தேன், அல்ஹம்துலில்லாஹ். பெருமைக்காக இதை எழுதவில்லை. முடித்தவர்களின் பட்டியலில் என் ஒருவனுடைய பெயர்தான் இருக்கிறது. ஆனால், அந்தப் போட்டியை ஓடியது ஒரு குடும்பம். அதைச் சொல்வதற்காகவே எழுதுகிறேன்.

முதலில் இந்தப் போட்டியின் வரலாற்றைச் சுருக்கமாகப் பார்ப்போம். நெடுந்தூர டிரையத்லான் போட்டிகளுக்கு வழிகாட்டியாக அமைந்த 'அயர்ன்மேன்', அதாவது 'இரும்பு மனிதர்' போட்டி, 1978ஆம் ஆண்டு பிப்ரவரி 18ஆம் நாள் ஹவாய்த் தீவுகளில் ஒன்றான ஓவாஹுவில் தொடங்கியது. நீந்துபவர், மிதிவண்டி ஓட்டுபவர், ஓடுபவர் ஆகிய மூவரில் யாருக்கு உடல் வலிமை மிகுதி என்று எழுந்த வாக்குவாதமே அதற்குக் காரணம். அமெரிக்கக் கடற்படை அதிகாரி ஜான் காலின்ஸும் அவருடைய மனைவி ஜூடியும், தீவில் தனித்தனியே நடந்துவந்த மூன்று போட்டிகளையும் ஒன்றாக இணைத்துவிடலாம் என்றார்கள். நீச்சல் 3.8 கிலோமீட்டர், மிதிவண்டி 180 கிலோமீட்டர், ஓட்டம் 42.2 கிலோமீட்டர். அன்று களமிறங்கியவர்கள் 15 பேர். முடித்தவர்கள் 12 பேர். முதலில் வந்த கார்டன் ஹாலர் 11 மணி 46 நிமிடங்கள் எடுத்துக்கொண்டார். ஒரு கணவனும் மனைவியும் சேர்ந்து நினைத்ததில் பிறந்த போட்டி இது என்பதை வாசகர்கள் மனத்தில் கொள்ளவேண்டும்.

இந்தத் தூரங்களில் சரிபாதியைக் கொண்ட போட்டியும் உண்டு. நீச்சல் 1.9, மிதிவண்டி 90, ஓட்டம் 21.1, ஆக மொத்தம் 113 கிலோமீட்டர். மைல் கணக்கில் 70.3 என்பதால் அந்த எண்ணே அதற்குப் பெயராகிவிட்டது. இந்த வரிசையில் இந்தியாவின் முதல் போட்டி 2019 அக்டோபரில் கோவாவில் நடந்தது. நம் இராணுவத்தைச் சேர்ந்த பிஷ்வர்ஜித் சைகோம் 4 மணி 42 நிமிடங்களில் முடித்து முதலிடம் பெற்றார். பொதுவாக இதற்குக் கால வரம்பு எட்டரை மணி நேரம். முதல்வருக்கும் வரம்புக்கும் இடையில் இருக்கும் அந்த நான்கு மணி நேரத்துக்குள்தான் என்னைப் போன்றவர்களின் உலகம் அடங்கியிருக்கிறது.

வரலாற்றில் இளங்கலைப் பட்டம் பெற்று, பின்னர் மார்க்கக் கல்வி கற்று, இருபது ஆண்டுகளாகத் தரையில் அமர்ந்து பாடம் நடத்தி வருபவன் நான். நாற்பத்தொன்றாம் வயதில் இரத்தப் பரிசோதனையில் சர்க்கரை நோய் என்று தெரியவந்தது. நடக்கச் சொன்னார் மருத்துவர். நடை, சில மாதங்களில் மெல்லோட்டமாயிற்று. பின்பு, சேலத்தில் பழைய கியர் சைக்கிள் ஒன்றை வாங்கினேன். இப்படித்தான் இந்தப் பாதையில் கால் வைத்தேன்.

எங்கள் மத்ரஸாவுக்கு விடுமுறை வெள்ளிக்கிழமை. பஜ்ரு தொழுகை முடிந்ததும் சைக்கிளை எடுத்தால் கச்சிராயபாளையம், கோமுகி அணை வழியாகக் கல்வராயன் மலையடிவாரத்தை அடையலாம். கரும்பு அரைவைக் காலத்தில் இந்தச் சாலையில் மிகுந்த எச்சரிக்கை தேவை. கூட்டுறவுச் சர்க்கரை ஆலைக்குப் பாரம் ஏற்றிச் செல்லும் டிராக்டர்களின் பின்னால் கரும்பு, சாலையின் பாதியை அடைத்துக்கொண்டு நீட்டிக்கொண்டிருக்கும். அடிவாரத்தைக் கடந்தால் வெள்ளிமலை வரை ஏற்றம். கடல் மட்டத்திலிருந்து இரண்டாயிரம் முதல் மூவாயிரம் அடி உயரமுள்ள மலை இது. ஒரு வளைவில் நான் மூச்சு வாங்கி நின்றபோது, தலையில் விறகுச் சுமையோடு வந்த மலைவாழ் மூதாட்டி ஒருவர், "என்னப்பா, வண்டி ரிப்பேரா?" என்று பரிவோடு கேட்டுவிட்டு, நடையின் வேகம் குறையாமல் மேலே சென்றார். தம் உடல் வலிமைக்கு அவர் எந்தப் பட்டமும் பெற்றதில்லை.

எவ்வளவு தூரம் சென்றாலும் ஜும்ஆவுக்கு முன் வீடு திரும்பி, குளித்து, பள்ளிவாசலில் இருக்க வேண்டும். போட்டிக்காரர்கள் விதிக்கும் கால வரம்பை நான் பழகிக்கொண்டது இப்படித்தான்.

ஆனால், நீச்சல்? நான் கடைத்தெருவில் பிறந்து வளர்ந்தவன். இடுப்பளவு தண்ணீருக்கு மேல் இறங்கியதில்லை. போட்டிக்குப் பெயர் கொடுக்க வேண்டும் என்ற ஆசையை வீட்டில் சொன்னபோது, "நீந்த யார் சொல்லித் தருவார்?" என்பதே பெரிய கேள்வியாக நின்றது. என் துணைவியார் அடுப்படியிலிருந்து அமைதியாக, "நான் சொல்லித் தருகிறேனுங்க" என்றார்.

கச்சிராயபாளையத்தை அடுத்த ஒரு சிற்றூரில் விவசாயக் குடும்பத்தில் பிறந்தவர் அவர். ஏழு வயதில், காய்ந்த சுரைக்குடுக்கையை முதுகில் கட்டிக்கொண்டு, தம் தாயாருடன் வயற்கிணற்றில் நீந்தக் கற்றவர். பன்னிரண்டு வயதுக்குப் பின் கிணற்றில் இறங்கவில்லை. யாரும் அவரைத் தடுத்ததில்லையாம். பெரிய பெண்ணாகிவிட்டால் இறங்குவதில்லை என்பது வழக்கம், அவ்வளவுதான். திருமணமான பதினாறு ஆண்டுகளில் இந்தப் பேச்சு எங்கள் வீட்டில் எழ ஒரு சந்தர்ப்பமே வாய்க்கவில்லை.

மாமனாரின் வயற்கிணறு குறுக்கே 12 மீட்டர். படிக்கட்டில் அமர்ந்தபடி அவர் சொல்லித் தந்தார். சுரைக்குடுக்கைக்குப் பதிலாக ஐந்து லிட்டர் எண்ணெய் கேன் என் முதுகில் ஏறியது. "தண்ணீரோடு சண்டை போடாதீங்க, அதன்மேல் படுத்துக்கொள்ளுங்க" என்றார். "மூச்சைத் தண்ணீருக்குள் விட்டுவிடுங்க, வெளியே வந்து இழுங்க" என்றார். பின்னர் சேலத்தில் ஒரு நீச்சல் குளத்தில், கட்டணம் செலுத்திக் கைவீச்சைச் சீர்படுத்திக்கொண்டபோது, பயிற்சியாளர் முதலில் சொன்னதும் இந்த இரண்டு பாடங்களைத்தான்.

1,900 மீட்டர் நீந்த, அந்தக் கிணற்றை 158 தடவை குறுக்காகக் கடக்க வேண்டும். நான் எண்ணிக்கையைத் தவறவிடாதிருக்க, என் மகள் படிக்கட்டில் அமர்ந்து, ஒவ்வொரு தடவைக்கும் ஒரு புளியங்கொட்டையை இந்தப் பக்கத்திலிருந்து அந்தப் பக்கம் எடுத்து வைப்பாள்.

வாரத்துக்கு ஒன்பது மணி நேரம் வீதம் நாற்பது வாரங்கள் பயிற்சி. கணக்கிட்டால் 360 மணி நேரம். இந்த நேரம் எங்கிருந்து வந்தது? மத்ரஸா நேரத்திலிருந்து ஒரு நிமிடமும் எடுக்கவில்லை. அப்படியானால் வீட்டிலிருந்துதான் வந்தது. நான் மலையேறிய வெள்ளிக்கிழமைகளில் கறிக்கடைக்குப் போனது, மின் கட்டணம் கட்டியது, என் மாமியாரை மருத்துவரிடம் அழைத்துச் சென்றது எல்லாம் என் துணைவியார். போட்டியின் நுழைவுக் கட்டணம் என் ஒரு மாத ஊதியத்தைவிட அதிகம். அதில் பாதி அவருடைய சிறுவாட்டுப் பணம். "மாத்திரைக்குச் செலவழிப்பதை இதற்குச் செலவழிப்போம்" என்றார். தனி மனிதரின் சாதனை என்று நாம் படிக்கும் செய்திகள் பலவற்றின் பின்னாலும் இப்படிப்பட்ட கணக்குகள் எழுதப்படாமலே இருக்கும்.

சிலருடைய கணக்கு உலகறிய எழுதப்பட்டிருக்கிறது. அமெரிக்காவைச் சேர்ந்த டிக் ஹாய்ட் என்பவரின் மகன் ரிக், பிறவியிலேயே கைகால்களை இயக்கவோ பேசவோ இயலாதவர். தந்தை மகனை ஒரு சிறு படகில் கிடத்திக் கயிற்றால் இழுத்து நீந்தினார். மிதிவண்டியின் முன்னிருக்கையில் அமர்த்தி ஓட்டினார். சக்கர நாற்காலியில் வைத்துத் தள்ளியவாறு ஓடினார். 1989இல் ஹவாயில் முழுத் தூரத்தையும் இருவரும் இவ்வாறே முடித்தார்கள். தந்தை 2021இலும் மகன் 2023இலும் காலமானார்கள்.

இன்னொருவர் ஈரானைச் சேர்ந்த ஷிரின் ஜெராமி. 2013இல் லண்டனில் நடந்த உலக டிரையத்லான் போட்டியில், ஈரான் நாட்டின் சார்பில் கலந்துகொண்ட முதல் பெண்மணி. தலைமுடியும் உடலும் மறையும் வண்ணம் தனியே வடிவமைத்த உடையோடு மூன்று பகுதிகளையும் முடித்தார். 2016இல் ஹவாயில் முழுத் தூரத்தையும் கடந்தார். உடை அவருக்குத் தடையாக இருக்கவில்லை. அந்த உடையை ஏற்றுக்கொள்ளும்படி, தம் நாட்டு அதிகாரிகளிடமும் போட்டி அமைப்பாளர்களிடமும் பொறுமையோடு பேசி அனுமதி பெற்றதே அவருடைய பெரும் உழைப்பு. இவரைப் பற்றி வீட்டில் நான் எடுத்துச் சொன்னபோது, பதினான்கு வயது மகள் கையிலிருந்த புளியங்கொட்டைகளை உருட்டியபடியே கேட்டாள்: "அத்தா, நான் எண்ணுவதற்கு மட்டும்தானா?"

இந்தக் கேள்வியோடுதான் கோவாவுக்கு ரயில் ஏறினேன்.

பனாஜி நகரின் மிராமர் கடற்கரையில் காலையில் நீச்சல் தொடங்கியது. கிணற்றில் பன்னிரண்டு மீட்டருக்கு ஒருமுறை கைக்குச் சுவர் தட்டுப்படும். கடலில் சுவரில்லை. சில கைவீச்சுக்கு ஒருமுறை தலையைத் தூக்கி, மிதக்கும் அடையாளக் குடுவை எங்கே என்று பார்த்து நீந்த வேண்டும். இல்லையேல் திசை மாறிவிடும். உப்பு நீர் தொண்டைக்குள் சென்றபோது, "சண்டை போடாதீங்க" என்ற குரலை நினைத்துக்கொண்டேன். ஒவ்வொரு பன்னிரண்டு மீட்டரையும் ஒரு புளியங்கொட்டையாக உத்தேசமாக எண்ணிக்கொண்டே போனேன். 70 நிமிட வரம்பில் 62 நிமிடங்களில் கரையேறினேன்.

மிதிவண்டிக்கு 3 மணி 51 நிமிடங்கள். உடலில் சேமிப்பாக இருக்கும் சர்க்கரைச் சத்து, கடும் உழைப்பில் இரண்டு மணி நேர அளவில் வற்றத் தொடங்கிவிடும். ஆகவே, ஓட்டிக்கொண்டே உண்ணவும் பருகவும் வேண்டும். பேரீச்சம்பழம், கடலை மிட்டாய், உப்பிட்ட எலுமிச்சை நீர் எல்லாம் வீட்டிலிருந்து பொட்டலமாக வந்தவை. சர்க்கரை நோயுள்ளவன் என்பதால், எந்த மணிக்கு எவ்வளவு உண்பது என்று மருத்துவர் எழுதிக் கொடுத்திருந்ததை, என் மகள் ஒரு சிறு அட்டையில் பெரிய எழுத்தில் எழுதி, சைக்கிளின் கைப்பிடியில் ஒட்டியிருந்தாள்.

மிதிவண்டியிலிருந்து இறங்கி ஓடத் தொடங்கும்போது கால்கள் மரக்கட்டை போலிருக்கும். சுழன்று பழகிய தசைகள் ஓட்டத்துக்கு மாறச் சிறிது நேரம் கேட்கும். மலையிலிருந்து திரும்பியதும் சைக்கிளை வீட்டில் போட்டுவிட்டு, உடனே இரண்டு கிலோமீட்டர் ஓடிப் பழகியது அப்போது கைகொடுத்தது. கோவாவின் புழுக்கத்தில், கடைசி ஏழு கிலோமீட்டரில் ஓட்டம் பாதி, நடை பாதியாயிற்று. என்னைவிட மூத்த அம்மையார் ஒருவர் சிரித்துக்கொண்டே கடந்து சென்றார். 8 மணி 9 நிமிடங்களில் எல்லைக் கோட்டைத் தொட்டேன். லுஹர் தொழுகைக்கு இன்னும் நேரமிருந்தது. பயணி என்ற முறையில் இரண்டு ரக்அத்துகள் தொழுதேன். சுஜூதிலிருந்து எழுவதற்கு முழங்கால்கள் வெகு நேரம் எடுத்துக்கொண்டன.

ஊர் திரும்பியதும் ஜமாஅத்துப் பெரியவர் ஒருவர், "அஜ்ரத், ஓதிக் கொடுக்கிறவருக்கு இதெல்லாம் எதற்கு?" என்று கேட்டார். அவர் கேட்டதில் தவறில்லை. நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள், அன்னை ஆயிஷா (ரலி) அவர்களுடன் ஓட்டப் பந்தயம் ஓடியதாக ஹதீஸ் இருப்பதைப் பணிவோடு நினைவூட்டினேன். உடல் ஓர் அமானிதம். அதைப் பேணுவது வீட்டாருக்கு நாம் செலுத்தும் கடன் என்றேன். பெரியவர் சற்று யோசித்துவிட்டு, தம் சர்க்கரை அளவைச் சொல்லி, எவ்வளவு தூரம் நடக்கலாம் என்று என்னிடமே விசாரித்தார்.

பெரியவருக்குப் பதில் சொல்லிவிட்டேன். மகளுக்குப் பதில் சொன்னவர் அவளுடைய தாயார். பிற ஆடவர் எவரும் இல்லாத நடுப்பகல் நேரத்தில், முழு உடையோடு, இருபத்தைந்து ஆண்டுகளுக்கும் மேலான இடைவெளிக்குப் பின் அவர் அந்தக் கிணற்றில் இறங்கினார். அவருடைய உடல் எதையும் மறந்திருக்கவில்லை. மூன்று மாதங்களில் மகள் கேனில்லாமல் மிதக்கக் கற்றுக்கொண்டாள்.

அன்பிற்குரிய சகோதர, சகோதரிகளே! எல்லோரும் 113 கிலோமீட்டர் கடக்க வேண்டியதில்லை. மருத்துவரைக் கேட்டுக்கொண்டு, பஜ்ருக்குப் பின் அரை மணி நேரம் நடந்தால் அதுவே பெரிது. ஆனால், பிள்ளைகளுக்கு, ஆணாயினும் பெண்ணாயினும், நீந்தக் கற்றுக் கொடுங்கள். ஏரியும் கிணறும் அணையும் சூழ்ந்த நம் பகுதியில் அது விளையாட்டன்று; உயிர் காக்கும் கல்வி. தெரிந்தவர் துணையின்றி எவரையும் தண்ணீரில் இறக்காதீர்கள். சொல்லித் தர ஆளில்லை என்று சொல்வதற்கு முன், வீட்டில் இருக்கும் தாய்மார்களையும் பாட்டிமார்களையும் ஒருமுறை கேட்டுப் பாருங்கள்.

என் மகள் சென்ற வாரம் கிணற்றை நாற்பது தடவை கடந்தாள். புளியங்கொட்டை எண்ணியவன் நான்.