எறும்பு விவசாயம்

வண்டு வைத்த அரிசியை மொட்டைமாடியில் காயப்போடுகிறோம் இல்லையா, டெக்ஸாஸின் சிவப்பு அறுவடை எறும்பும் அதைத்தான் செய்கிறது. மழையில் நனைந்த விதைகளை வெளியே கொண்டுவந்து உலர்த்தும். கூட்டைச் சுற்றி வட்டமாக, ஒரு புல் விடாமல் கடித்தெறிந்து களத்துமேடு மாதிரி வைத்திருக்கும். ஆனால் அந்த வட்டத்தின் ஓரத்தில் மட்டும் ஒருவகைப் புல் கொழுகொழுவென்று நிற்கும். பார்த்தார் கிடியன் லின்சிகம் என்ற டாக்டர். ‘எறும்பு விதைக்கிறது, களை பிடுங்குகிறது, அறுக்கிறது!’ என்று டார்வினுக்குக் கடிதம் போட்டுவிட்டார். அதை அவரும் 1861-ல் லண்டன் லின்னேயன் சொசைட்டியில் சமர்ப்பித்தார்.

பிற்பாடு வந்த எறும்பு நிபுணர் வீலர் குட்டை உடைத்தார். முளைவிட்ட விதை எறும்புக்கு உதவாது. குப்பையோடு குப்பையாக ஓரத்தில் தள்ளிவிடும். அங்கே இலவச உரம் வேறு. வளராமல் என்ன செய்யும்? நீங்கள் கொல்லையில் துப்பிய விதை பப்பாளி மரமான கதைதான்.

வீலர் சொன்னதே சரி. ஆனால் எனக்கென்னவோ, வருஷக்கணக்கில் வெயிலில் குந்தி எறும்பு பார்த்த அந்த டாக்டரைத்தான் பிடித்திருக்கிறது.