குறி தெரியாத துப்பாக்கிகள்

பேலியகொடையில் நாம் குடியிருக்கும் ஒழுங்கையில், மாலை வேளைகளில் சிறுவர்கள் போர் விளையாடுகிறார்கள். கையில் முறிந்த தும்புத்தடி, வாயில் வெடியோசை. இவர்கள் அனைவரும் 2009ஆம் ஆண்டில் போர் முடிந்த பின்னர் பிறந்தவர்கள். சோதனைச் சாவடியில் அடையாள அட்டையை நீட்டிக்கொண்டு நின்ற அநுபவம் நமக்குண்டு; அவர்களுக்கில்லை. துப்பாக்கியை அவர்கள் அறிந்தது திரையிலேதான். அதன் பெயர், அதைச் செய்த நாடு, நிமிடத்துக்கு எத்தனை ரவை என்பனவற்றையெல்லாம் பிழையின்றிச் சொல்கிறார்கள். பத்துக் குறளை ஒப்புவிக்கத் தயங்கும் நா, இங்கே தயங்குவதில்லை.

பிள்ளைகளைக் குறைகூற நாம் இதை எழுதவில்லை. திரை துப்பாக்கியைக் காட்டத் தொடங்கிய காலத்தில் எதைக் காட்டியது, எதைக் காட்டாது விட்டது என்று அறிய விரும்பினோம். அந்தத் தேடல் நம்மை நெடுந்தூரம் கொண்டு செல்லவில்லை. களனி கங்கையின் இக்கரையிலிருந்து வடக்கே சில மைல் தொலைவிலுள்ள றாகமைக்கே முதலில் கொண்டு சென்றது.

1899 அக்டோபரில் தென்னாபிரிக்காவில் ஆங்கிலேயருக்கும் போயர்களுக்கும் போர் மூண்டது. 1900ஆம் ஆண்டு முதல் ஏறக்குறைய 5,000 போயர் கைதிகள் இலங்கைக்குக் கொண்டுவரப்பட்டனர். அவர்களுக்கான பெருமுகாம் தியத்தலாவையில் அமைந்தது. றாகமையிலும் ஒரு முகாம் இருந்தது. 1901ஆம் ஆண்டில் தேசாதிபதி வெஸ்ட் றிட்ஜ்வேக்கும் போயர் கைதிகளுக்கும் காட்டப்பட்ட படமே இந்நாட்டின் முதற் திரைப்படக் காட்சி என்று நமது திரைப்பட வரலாறுகள் கூறுகின்றன. அதில் இடம்பெற்றவற்றுள் ஒன்று, போயர் போரில் ஆங்கிலேயர் பெற்ற வெற்றி.

இச்செய்தியைப் படித்தபோது நாம் சற்றே திகைத்தோம். நம் மண்ணில் ஓடிய முதற் படம் ஒரு போர்ப்படம். அதைப் பார்த்தவருட் சிலர் அப்போரிலே துப்பாக்கியைப் பறிகொடுத்தவர்கள். வென்றவனின் பீரங்கி தோற்றவனின் கண்முன்னே ஓசையின்றிப் புகை கக்கியிருக்கும்.

அக்காலத்துப் போர்ப்படங்கள் எவ்வாறு எடுக்கப்பட்டன? டிக்சன் என்ற படப்பிடிப்பாளர் ஜெனரல் புல்லருடன் ஒரே கப்பலிற் சென்று, மிகப் பாரமான தமது கருவியை வண்டியிலேற்றிக் களங்கள்தோறும் கொண்டு திரிந்தார். கொலென்சோவிலே கடற்படைப் பீரங்கிகள் முழங்குவதைப் பிடித்தார். ஆனால் எதிரியைப் பிடிப்பது அரிதாயிற்று. போயர்களின் கையிலிருந்தது ஜெர்மானிய மௌசர் துப்பாக்கி. ஐந்து ரவைகளை ஒரே அழுத்தில் ஏற்றலாம். அதன் வெடிமருந்து புகையாதது. சுட்டவன் எங்கே பதுங்கியிருக்கிறான் என்பது தெரியாது. வெறுங் கண்ணுக்கே தெரியாதவன் படச்சுருளில் எங்ஙனம் விழுவான்?

தாய்நாட்டு மக்களோ சண்டையைப் பார்க்க விரும்பினர். ஆதலின் லண்டன் புறநகரிலே றொபேட் போல் என்பவரும், பிளாக்பேர்ன் நகர்ப்புறத்திலே மிச்செலும் கென்யனும் ஆட்களுக்கு வேடமிட்டுப் போரை நடத்திப் படமெடுத்தனர். அங்கே எதிரி கைக்கெட்டும் தூரத்தில் நின்றான், சுட்டவுடன் விழுந்தான், கருவி நின்றதும் எழுந்து, மண்ணைத் தட்டிக்கொண்டு வீட்டுக்குப் போனான். மெய்ப்படத்திலே துப்பாக்கி இருந்தது, குறி இல்லை. பொய்ப்படத்திலே குறி இருந்தது, சாவு இல்லை. இன்றைய திரைகள் எத்துணை வளர்ந்தும் இவ்விரண்டிலிருந்தும் அதிக தூரம் வந்துவிடவில்லை என்றே நமக்குத் தோன்றுகிறது.

டிக்சனுக்கு ஒரு நன்றி கூறவேண்டும். 1900 ஜனவரியில் ஸ்பியன் கொப் சமரின்போது, மருத்துவ அணியினர் துகேலா ஆற்றைக் கடப்பதையும் அவர் பிடித்துவைத்தார். அந்தச் சமரில் காயமுற்றோரைத் தூக்கிச் சுமந்தவருள் காந்தியடிகள் திரட்டிய இந்திய அணியும் உண்டு. 1,100 பேர் கொண்ட அவ்வணியில் 800 பேர் ஒப்பந்தக் கூலிகள். சென்னைத் துறைமுகத்தில் கப்பலேறி நேட்டாலின் கரும்புத் தோட்டங்களுக்குச் சென்ற தமிழரும் தெலுங்கருமே அந்நாட்டு ஒப்பந்தக் கூலிகளுட் பெரும்பாலோர். நம்மவர் துப்பாக்கி ஏந்தவில்லை. துப்பாக்கி வீழ்த்தியவர்களை ஏந்தினார்கள்.

திரையில் வந்த அந்த ‘வெற்றி’யும் முழு உண்மையன்று. போர் 1902 மே 31இலேதான் முடிந்தது. இடையிலே போயர்களின் பண்ணைகள் எரிக்கப்பட்டன. தடுப்பு முகாம்களில் அடைபட்ட போயர்களுள் ஏறக்குறைய 28,000 பேர் நோயாலும் பசியாலும் மாண்டனர். அவர்களுள் 22,000 பேர் பதினாறு வயதுக்குட்பட்டோர். தனி முகாம்களில் மாண்ட கறுப்பின மக்கள் 14,000 பேருக்கு மேலாவர். ஆங்கிலேயரும் போயரும் பொருதியது இவர்களுடைய மண்ணுக்காகத்தான் அன்றோ? இவர்களுக்காக எவரும் படம் காட்டவில்லை.

அண்மையில் அப்பழைய துண்டுப் படங்களிற் சிலவற்றைப் பத்தாந் தர மாணவருக்குக் காட்டினோம். துப்பாக்கிப் பெயர்களில் வல்லவனான ஒருவன் எழுந்தான்.

“சேர், பீரங்கி அடிக்குது. எங்க போய் விழுதுன்னு காட்டல்லியே?”

“நீ பார்க்கும் படங்களில் காட்டுகிறார்களா?” என்றோம்.

அவன் சிறிது நேரம் பேசவில்லை. பின்னர் மெல்லச் சொன்னான்: “தீபாவளிக்கு வெடி கொளுத்தினா எங்க அம்மம்மா கதவச் சாத்திட்டு உள்ளுக்குப் போயிருவாங்க, சேர். ஏன்னு கேட்டா சொல்ல மாட்டாங்க.”

வகுப்பு அமைதியாயிற்று. அம்மம்மா எந்த ஊரிலிருந்து கொழும்புக்கு வந்தார் என்று மட்டும் கேட்டோம். முல்லைத்தீவு என்றான்.

துப்பாக்கியின் பெயரைக் கற்பிக்கத் திரைகள் ஆயிரம் உண்டு. அது எத்திசை நோக்கி நின்றது, அத்திசையில் யார் இருந்தார் என்று கேட்கக் கற்பிப்பது நம்மைப் போன்றோரின் கடன். அன்று மாலை வீட்டுக்குப் போகுமுன் அந்த மாணவனிடம் ஒன்றே ஒன்று சொன்னோம்: “அம்மம்மாவிடம் இன்னொருமுறை கேள். சொல்லாவிட்டால், பக்கத்தில் சற்று நேரம் இரு.”