அரை வயிற்றுப் பெருமை

நம் ஊரில் வயதானவர்களிடம் க்ஷேமம் விசாரித்துப் பாருங்கள். பேச்சு உடனே சாப்பாட்டுக்கு வந்துவிடும். எவ்வளவு சாப்பிடுகிறோம் என்று சொல்ல மாட்டார்கள். எவ்வளவு சாப்பிடுவதில்லை என்றுதான் சொல்வார்கள். "ராத்திரி இரண்டு இட்டிலி, அதுகூட வேண்டியிருக்கவில்லை" என்று சொல்லும்போது முகத்தில் ஒரு தனிக் களை வந்துவிடும். தலை நரைத்த பிறகு மனிதர்கள் சம்பாதிக்கும் பட்டம் இது ஒன்றுதான் போலிருக்கிறது!

என் பெரியம்மா இந்தப் பட்டத்தில் முதல் வகுப்பில் தேறியவள். வயது 78. கும்பகோணத்தில் பழைய காலத்து வீடு. கூடம், முற்றம் எல்லாம் தாண்டிக் கொல்லைப்புறம் போனால்தான் கழிவறை. மாலை ஆறு மணிக்கு மேல் ஒரு வாய் தண்ணீர் குடிக்க மாட்டாள். பகலிலும் காப்பியோடு சரி.

"தண்ணி குடிச்சா ராத்திரி எழுந்திருக்கணும். விளக்கைப் போட்டா மாட்டுப் பொண் முழிச்சுண்டுடுவா. பாவம், அவ காலம்பற ஆபீஸ் போக வேண்டாமாடா?" என்பாள்.

தயிரும் அப்படித்தான். கெட்டித் தயிரைப் பேரனுக்கு ஒதுக்கிவிட்டு, தனக்கு நீர்மோரை விட்டுக்கொள்வாள். "பாலும் தயிரும் வளர்ற குழந்தைகளுக்கு. எனக்கு இனிமே எதை வளர்க்கணும்?" என்று ஒரே போடாகப் போடுவாள்.

போன சித்திரையில் ஒரு விடியற்காலம், படுக்கையை விட்டு எழுந்து இரண்டு அடி வைத்தவள் அப்படியே சாய்ந்துவிட்டாள். மணிக்கட்டு முறிந்தது. இடுப்பு தப்பியது புண்ணியம். வீட்டில் ஆளுக்கொரு குற்றவாளியைக் கண்டுபிடித்தார்கள். ஒருவர் தரை என்றார். ஒருவர் இருட்டு என்றார். பெரியம்மா கிரகசாரம் என்றாள்.

டாக்டர் அவளைப் படுக்க வைத்து ரத்த அழுத்தம் பார்த்தார். பிறகு நிற்க வைத்துப் பார்த்தார். மூன்று நிமிஷத்துக்குள் மேல் எண் 20 இறங்கினாலே கோளாறு என்பது வைத்தியக் கணக்கு. இவளுக்கு 30 இறங்கியது. உடம்பில் நீர் வற்றியிருந்தால், எழுந்து நிற்கும்போது ரத்தம் காலில் தங்கி, மூளைக்குப் போவது குறைகிறது. கண் இருட்டிக்கொண்டு வருகிறது. வயதானால் தாகமும் மழுங்கிவிடும். ஆகையால் தாகம் எடுக்கட்டும் என்று காத்திருப்பதில் பயனில்லை. ரத்த அழுத்த மாத்திரையின் அளவையும் அவர் மாற்றி எழுதினார்.

"கையை ஊன்றாமல் நாற்காலியிலிருந்து எழுந்திருங்கள், பார்க்கலாம்" என்றார் அடுத்தபடியாக. முடியவில்லை. தொடையில் சதையே இல்லை. நம் பாட்டிமார் 'சதை வற்றிப்போச்சு' என்று சொல்லிவந்த இதற்குத்தான் 1980-களின் கடைசியில் ரோஸன்பர்க் என்ற அமெரிக்கர் கிரேக்க மொழியிலிருந்து 'சார்க்கோபீனியா' என்று நாமகரணம் செய்தார்.

முதியவர்களுக்கு எடையில் ஒரு கிலோவுக்கு ஒரு கிராமாவது புரதம் வேண்டும் என்பது இன்றைய நிபுணர் பலரின் அபிப்பிராயம். பெரியம்மாவின் எடை 50 கிலோ. இரண்டு இட்டிலியில் நாலு கிராம் தேறினால் அதிகம்! ஒரு டம்ளர் பாலில் ஆறு கிராம் கிடைக்கும். பருப்பும் சுண்டலும் கை கொடுக்கும். முட்டையும் மீனும் சாப்பிடுகிறவர்களுக்குக் கவலை இன்னும் குறைவு. சிறுநீரகமோ இருதயமோ பழுதானவர்களுக்கு மட்டும் இந்தக் கணக்கும் தண்ணீர்க் கணக்கும் வேறு; அதை டாக்டர்தான் சொல்ல வேண்டும்.

பேரனின் தயிரில் பெரியம்மாவுக்கும் பங்கு உண்டு என்பதற்கு ஆஸ்திரேலியாவில் சாட்சி இருக்கிறது. அங்கே 60 முதியோர் இல்லங்களில், 7,000-க்கு மேற்பட்டவர்களை வைத்து ஒரு பரீட்சை நடத்தினார்கள். பாதி இல்லங்களில் பால், தயிர், பாலாடைக்கட்டியைக் கூடுதலாகக் கொடுத்தார்கள். மருந்து எதுவுமில்லை, சாப்பாடுதான். இரண்டு வருஷத்தில் அந்த இல்லங்களில் விழுவது 11 சதவிகிதமும், இடுப்பெலும்பு முறிவு 46 சதவிகிதமும் குறைவாக இருந்தன. 2021-ல் முடிவு வெளியாயிற்று.

இதைச் சொன்னபோது பெரியம்மா மசியவில்லை. மருமகள்தான் காரியத்தைச் சாதித்தாள். "அம்மா, நீங்கள் விழுந்த அன்றைக்கு நான் ஆபீஸுக்கே போகவில்லையே!" என்றாள். அவ்வளவுதான்.

இப்போது தண்ணீரெல்லாம் பகலிலேயே, சாயங்காலத்துக்குள் உள்ளே போய்விடுகிறது. ராத்திரி எழ வேண்டியது அதிகமில்லை. அப்படி எழுந்தாலும் கட்டில் விளிம்பில் சற்று உட்கார்ந்துவிட்டுத்தான் நிற்க வேண்டும் என்று உத்தரவு. தயிர் பாட்டிக்கும் பேரனுக்கும் சரிபாதி. வெறும் சாப்பாடு மட்டும் காலுக்குப் பலம் தராது என்பதால், தினம் பத்துத் தரம் நாற்காலியிலிருந்து எழுந்து உட்காருகிறாள். பேரன் எண்ணுகிறான். பாட்டி எட்டோடு நிறுத்திவிட்டுப் பத்து என்று சாதிப்பதாகப் போன வாரம் என்னிடம் புகார் வந்தது.