ராத்திரி எட்டு மணிக்கு என்ன ஸ்பீடு பாஸ்?

மக்களே, உங்க வீட்டு நெட் ஸ்பீடு எவ்வளவுன்னு கேட்டா 'ஐம்பது', 'நூறு'னு டக்குனு சொல்லிடுவீங்க. சரி, ராத்திரி எட்டு மணிக்கு எவ்வளவு? அப்லோடு எவ்வளவு? பிங் எவ்வளவு? முழிக்காதீங்க. கனெக்ஷனை மாத்தலாமா, வேணாமான்னு யோசிக்கிற எல்லாருக்கும் விடை இந்த மூணு கேள்விக்குள்ளதான் ஒளிஞ்சிருக்கு.

நான் மதுரை கே.புதூர் பொண்ணு. ஈ.சி.இ. மூன்றாம் வருஷம். போன ரெண்டு மாசமா எங்க வீட்டுல ஓடின ஒரே பஞ்சாயத்து இதுதான். 'இதுக்கெல்லாமா பஞ்சாயத்து?'னு சிரிக்காதீங்க. எங்க அம்மா, துபாயில் இருக்கிற நம்ம ஊர்க் குழந்தைகளுக்கு வீடியோ கால்ல தமிழ் சொல்லிக் கொடுக்கிறாங்க. அங்கே சாயங்காலம் அஞ்சு மணின்னா இங்கே ஆறரை. ஆறரைக்கு ஒரு வகுப்பு, ஏழரைக்கு ஒரு வகுப்பு. ஒண்ணுக்கு 250 ரூபாய். என் பஸ் செலவு, தம்பி டியூஷன், கேஸ் சிலிண்டர் எல்லாம் இந்தக் காசுலதான் ஓடுது. அந்த நேரம் பார்த்து நெட் மக்கர் பண்ணினா எப்படி இருக்கும்? 'மிஸ், உங்க வாய்ஸ் உடையுது... மிஸ், கேட்கலை...' இதே பாட்டு. ஒரு பையனோட அப்பா நாகரிகமா மெசேஜ் அனுப்பி வகுப்பையே நிறுத்திட்டார்.

எங்களுக்கு லைன் கொடுத்திருக்கிறது தெருவுக்கெல்லாம் கேபிள் டி.வி. கொடுக்கிற கேபிள் அண்ணன். 50 எம்.பி.பி.எஸ். பிளான், எல்லாம் சேர்த்து மாசம் 650 ரூபாய். சரியா அந்த வாரம் ஒரு பெரிய கம்பெனி ஆள் வந்து கேட்டுல நோட்டீஸ் செருகிட்டுப் போனார். '100 எம்.பி.பி.எஸ்., மாசம் 599 மட்டும்!' அப்பாவுக்கு முகமெல்லாம் பல்லு. டபுள் ஸ்பீடு, 51 ரூபாய் கம்மி. இதுல யோசிக்க என்ன இருக்கு?

இருக்கே!

இது டாக்டர் படிப்பு இல்லீங்க

முதல்ல அந்த எம்.பி.பி.எஸ். சமாச்சாரம். இது நொடிக்கு எத்தனை மெகாபிட் என்கிற கணக்கு. ஆனா, நாம டவுன்லோடு பண்ற ஃபைல் மெகாபைட்டில் இருக்கும். எட்டு பிட் சேர்ந்தாதான் ஒரு பைட். ஆக, 100 என்று போட்டிருந்தால் நொடிக்கு வருவது 12.5 மெகாபைட்தான். 'நூறு போட்டுருக்கான், பன்னிரண்டுதான் வருது'னு கம்பெனியைத் திட்டுறதுக்கு முன்னாடி எட்டால் வகுத்துப் பாருங்க.

நம்ம நாட்டுல பொதுமக்களுக்கு நெட் வந்தது 1995 ஆகஸ்ட் 15 அன்று, வி.எஸ்.என்.எல். மூலமா. 2004-ல் மத்திய அரசு பிராட்பேண்ட் கொள்கை கொண்டு வந்தப்போ, குறைந்தது 256 கே.பி.பி.எஸ். இருந்தாலே பிராட்பேண்ட்தான்னாங்க. அந்த ஸ்பீடில் 5 எம்.பி. பாட்டு ஒண்ணு இறங்க ரெண்டரை நிமிஷத்துக்கு மேல ஆகும். 2023-ல்தான் அந்த அளவை 2 எம்.பி.பி.எஸ். ஆக்கினாங்க. அந்தக் காலத்தோட ஒப்பிட்டா எங்க 50 எம்.பி.பி.எஸ். ராஜபோகம். அப்புறம் ஏன் அம்மா குரல் உடையுது?

நோட்டும் பேனாவும்

ஒரு வாரம் அளந்து பார்க்கிறதுன்னு முடிவு பண்ணினேன். காலை ஏழு, மதியம் மூணு, ராத்திரி எட்டு. மூணு வேளை மாத்திரை மாதிரி மூணு வேளை ஸ்பீடு டெஸ்ட். ஒவ்வொரு வேளையும் ரெண்டு தடவை. ஒண்ணு, ரவுட்டர்ல இருந்து லேப்டாப்புக்கு நேரா வயர் போட்டு. இன்னொண்ணு, அம்மா வகுப்பு எடுக்கிற ரூம்ல வை-ஃபையில்.

ஏன் ரெண்டு? வயர்ல வர்றது கம்பெனி கொடுக்கிற ஸ்பீடு. வை-ஃபையில் வர்றது உங்க வீட்டுச் சுவர் விட்டுக்கொடுக்கிற ஸ்பீடு. ரெண்டையும் பிரிச்சுப் பார்க்காம கம்பெனி மாத்தினா, புது கம்பெனிக்காரனையும் அதே சுவர்தான் மறிக்கும்.

ஏழு நாள் முடிஞ்சு நோட்டைப் பார்த்தா கதை தெளிவா இருந்தது. காலையில் வயரில் 47, அம்மா ரூமில் 26. ராத்திரி எட்டுக்கு வயரில் 20, அம்மா ரூமில் வெறும் 5. எங்க ரவுட்டர் இருந்தது ஹாலில், இரும்பு பீரோவுக்குப் பக்கத்துல. அங்கிருந்து ரெண்டு சுவர் தாண்டி அம்மா ரூம். இரும்பு, ரேடியோ அலைக்கு ஜென்ம எதிரி. 350 ரூபாய்க்கு 15 மீட்டர் லேன் வயர் வாங்கி, சுவரோரமா ஆணி அடிச்சு அம்மா லேப்டாப் வரைக்கும் இழுத்தேன். அடுத்த வாரம், அஞ்சு நாள் உடைஞ்ச குரல் ரெண்டு நாள் மட்டும்தான் உடைஞ்சது.

பாதி பிரச்னை 350 ரூபாயில் முடிஞ்சது. மீதிப் பாதி வீட்டுக்கு வெளியே.

கோரிப்பாளையம் தத்துவம்

நோட்டுல இன்னொரு நம்பர் என்னை முறைச்சுது. பிங். அதாவது, ஒரு தகவல் போயிட்டுத் திரும்பி வர எடுத்துக்கிற நேரம். காலையில் 12 மில்லிசெகண்ட். ராத்திரி எட்டுக்குச் சில சமயம் 280!

மதுரைக்காரங்களுக்குச் சொன்னா சட்டுனு புரியும். அழகர் ஆத்துல இறங்குற அன்னிக்குக் கோரிப்பாளையம் ரோட்டை நினைச்சுப் பாருங்க. ரோட்டோட அகலம் அதேதான். ஆனா, வண்டி நகருமா? ஸ்பீடு என்பது ரோட்டின் அகலம். பிங் என்பது நீங்க போய்ச் சேர ஆகிற நேரம். ஃபைபருக்குள்ளே ஒளி நொடிக்குச் சுமார் 2 லட்சம் கிலோமீட்டர் ஓடும். 2002-ல் சென்னைக்கும் சிங்கப்பூருக்கும் கடலுக்கடியில் போட்ட ஐ2ஐ கேபிளின் நீளம் சுமார் 3,200 கிலோமீட்டர். அதில் போயிட்டுத் திரும்ப 32 மில்லிசெகண்ட் போதும். அப்படின்னா எங்க வீட்டு 280, தூரத்தால வந்தது இல்லை. எங்கேயோ க்யூவில் நின்னு வந்தது.

க்யூ எங்கே? பல ஃபைபர் லைன்களில் ஜி-பான்னு ஒரு தொழில்நுட்பம் ஓடுது. ஒரு ஃபைபரில் வர்ற சுமார் 2.5 ஜிகாபிட்டை 32 அல்லது 64 வீட்டுக்குப் பிரிச்சுக் கொடுப்பாங்க. எல்லாரும் ஒரே நேரத்துல முழு ஸ்பீடும் கேட்க மாட்டாங்க என்கிற நம்பிக்கையில்தான் இந்த ஏற்பாடே நிற்குது. அதுபோக, ஆபரேட்டர் மேலிடத்துல எவ்வளவு பேண்ட்வித் வாங்கியிருக்காரோ, அதையும் எல்லாரும் பங்கு போட்டுக்கணும். காலையில் பிரச்னை இல்லை. ராத்திரி எட்டுக்குத் தெருவே படம் பார்க்கும்போது நெரிசல்.

'ஆனா, அதே நேரத்துல என் தம்பி பார்க்கிற படம் மட்டும் நிக்காம ஓடுதே?' நல்ல கேள்வி. படத்தை முன்கூட்டியே கொஞ்சம் இறக்கி வெச்சுக்கலாம். அம்மா அடுத்த நிமிஷம் பேசப்போறதை இப்பவே இறக்கி வைக்க முடியுமா? அதனாலதான் நெரிசல் வந்தா முதல்ல உடையறது பேச்சு. இதுல அப்லோடும் முக்கியம். நம்ம குரலும் முகமும் போறது அந்த வழியாத்தான். எங்களுக்கு அது வெறும் 4.

599 என்பது 599 அல்ல

இப்போ நோட்டீஸுக்கு வருவோம். அடியில் எறும்பு சைஸ் எழுத்து. 'ஜி.எஸ்.டி. தனி. ஆறு மாதம் முன்பணம்.' நெட்டுக்கு ஜி.எஸ்.டி. 18 சதவிகிதம். 599-ஐ ஆறால் பெருக்கினா 3,594. வரி சேர்த்தா 4,241 ரூபாய். கேபிள் அண்ணனுக்கு ஆறு மாசத்துக்கு 3,900. ஆக 51 ரூபாய் கம்மின்னு சொன்ன பிளான், உண்மையில் மாசத்துக்கு 57 ரூபாய் ஜாஸ்தி! அதுவும் செமஸ்டர் ஃபீஸ் கட்டுற மாசத்துல மொத்தமா எடுத்து வைக்கணும்.

'அன்லிமிடெட்' என்பதற்குப் பக்கத்திலும் ஒரு நட்சத்திரக் குறி. மாசம் 3,300 ஜி.பி. தாண்டினா ஸ்பீடு குறையும். இதுக்குப் பயப்பட வேணாம். 5 எம்.பி.பி.எஸ். வேகத்துல ஓடுற படம் ஒரு மணி நேரத்துக்குத் தின்பது ரெண்டேகால் ஜி.பி. தினமும் பத்து மணி நேரம் பார்த்தாலும் மாசம் 700-ஐத் தாண்டாது.

மாடி வீட்டு அக்கா

கணக்கு போதாது, கண்ணால பார்க்கணும். எங்க தெருவிலேயே மாடி வீட்டு அக்கா அந்தப் பெரிய கம்பெனி லைன்தான் வெச்சிருக்காங்க. ரெண்டு ராத்திரி லேப்டாப்பைத் தூக்கிட்டுப் போனேன். எட்டு மணிக்கு டவுன்லோடு 91, அப்லோடு 90, பிங் 8. வாயைப் பிளந்துட்டேன்.

அக்கா காபி கொடுத்துட்டுச் சொன்னாங்க. "ஸ்பீடெல்லாம் சூப்பர்தான். ஆனா, போன மழைக்கு ரோட்டைத் தோண்டினப்போ வயர் அறுந்து நாலு நாள் நெட் இல்லை. போன் போட்டா டிக்கெட் நம்பர் மட்டும் தந்துட்டே இருந்தாங்க." அதே ரோட்டுல அதே நாள் எங்க வயரும்தான் அறுந்தது. கேபிள் அண்ணன் அன்னிக்குச் சாயங்காலமே ஏணியோட வந்து ஒட்டிட்டுப் போனார். நாலு நாள் நெட் இல்லைன்னா அம்மாவுக்கு எட்டு வகுப்பு போச்சு. அதாவது 2,000 ரூபாய்.

நோட்டை எடுத்துக்கிட்டு கேபிள் அண்ணன்கிட்டப் போனேன். பக்கம் பக்கமா புரட்டிப் பார்த்தார். "பாப்பா, எல்லாரும் 'நெட் ஸ்லோ'னு திட்டுவாங்க. எந்த நேரம், எவ்வளவுன்னு இதுவரைக்கும் யாரும் எழுதிக் கொடுத்ததில்லை. உங்க பாக்ஸ்ல வீடு ஜாஸ்தியாயிருச்சு. அடுத்த தெருவுல புது பாக்ஸ் போட்டிருக்கேன், அதுல மாத்தி விடுறேன். அப்லோடு 20 வேணும்னா மாசம் அம்பது ரூவா கூட ஆகும். பத்து நாள் டைம் கொடு."

எட்டாவது நாளே வந்துட்டார். இப்போ ராத்திரி எட்டு மணிக்கு 40, அப்லோடு 19, பிங் இருபதுக்குக் கீழே.

இப்பத்தான் உண்மையான சிக்கல். மாசம் 700-னா ஆறு மாசத்துக்கு 4,200. புது கம்பெனி 4,241. வித்தியாசம் 41 ரூபாய்! ஸ்பீடோ அங்கே டபுளுக்கும் மேல. அப்பா ஓட்டு புது கம்பெனிக்கு. கேம் விளையாடுற தம்பி ஓட்டும் அங்கேதான். நான் நோட்டை அம்மா முன்னால வெச்சேன்.

"எனக்கு நூறும் வேணாம், அம்பதும் வேணாம்டி. ஆறரைல இருந்து எட்டரை வரைக்கும் என் குரல் உடையக் கூடாது. உடைஞ்சா யாரைக் கூப்பிடணும்னு எனக்குத் தெரியணும். அவ்வளவுதான்."

மாத்தலை. தம்பி ரெண்டு நாள் என்கூடப் பேசலை. நின்னுபோன அந்தப் பையன் திரும்ப வரலை, அந்த இடம் இன்னும் காலியாத்தான் இருக்கு. ஆனா, இருக்கிற பிள்ளைங்க யாரும் இப்போ 'மிஸ், கேட்கலை'ன்னு சொல்றதில்லை.

உங்களுக்கு என்ன சொல்ல வர்றேன்னா...

'மாத்தாதீங்க'ன்னு இல்லை. உங்க ஆபரேட்டர் போனே எடுக்காதவரா இருந்தா தாராளமா மாத்துங்க. வீட்டுல வேலைக்குப் போறவங்க பெரிய பெரிய ஃபைல் அனுப்பணும்னாலும் மாத்துங்க. ஆனா, அதுக்கு முன்னாடி இதையெல்லாம் பண்ணுங்க:

1. ஒரு வாரம், மூணு வேளை, வயரிலும் வை-ஃபையிலும் அளந்து நோட்டுல எழுதுங்க. வயர்ல நல்லா வந்து வை-ஃபையில் வரலைன்னா, மாத்த வேண்டியது ரவுட்டர் இருக்கிற இடத்தை.

2. விளம்பர விலையோட 18 சதவிகிதம், முன்பணம், டெபாசிட் எல்லாம் கூட்டி, ஒரே கால அளவுக்கு ரெண்டு பக்கமும் ஒப்பிடுங்க. நீங்க பார்க்காத ஓ.டி.டி.-யை லாபக் கணக்குல சேர்க்காதீங்க.

3. புது கம்பெனி லைன் உங்க தெருவிலேயே யார் வீட்டுல இருக்குன்னு தேடுங்க. ஸ்பீடு மட்டுமில்லை, கடைசியா எப்போ அறுந்தது, எத்தனை நாள்ல வந்ததுன்னும் கேளுங்க.

4. 200 எம்.பி.பி.எஸ். பிளானுக்குப் போறீங்களா? பழைய ரவுட்டர் பலதிலும் வயர் போர்ட்டோட எல்லையே 100-தான். அதுக்கு மேல காசு கொடுத்தாலும் உள்ளே நுழையாது.

5. வை-ஃபையில் 2.4 கிகாஹெர்ட்ஸ் தூரம் போகும், ஸ்பீடு கம்மி. 5 கிகாஹெர்ட்ஸ் ஸ்பீடு ஜாஸ்தி, சுவர் தாண்டத் திணறும். ரூமுக்கு ஏத்த மாதிரி மாத்திப் பாருங்க.

6. மாத்துறதுன்னு முடிவு பண்ணினாலும், புது லைன் ஒரு வாரம் ஒழுங்கா ஓடின பிறகு பழசை நிறுத்துங்க. மாசப் பிளான் கிடைச்சா முதல்ல அதை எடுங்க.

இன்னிக்கு ராத்திரி எட்டு மணிக்கு ஒரு டெஸ்ட் போட்டுப் பாருங்களேன். உங்க நோட்டோட முதல் நம்பர் அதுவா இருக்கட்டும்!