இரவு ஷிப்டில் ஒரு பழகுநர்

ஒரு பையன் இரண்டே முக்கால் ஆண்டுகள் ஒரே தொழிற்சாலையில், ஒரே பவர் பிரஸ் முன்னால் நின்று உற்பத்தி செய்திருக்கிறான். அவன் அங்கே தொழிலாளியா, தொழில் கற்க வந்தவனா? கோவைத் தொழிலாளர் நீதிமன்றத்தில் நான் நடத்திய ஒரு வழக்கு முழுக்க இந்த ஒரு கேள்வியைச் சுற்றியே நடந்தது. கேட்பதற்கு எளிய கேள்விதான். விடை கிடைக்க நாலரை ஆண்டுகள் ஆயின. பிளஸ் டூ முடித்து வெளியே வரும் ஒவ்வொரு பிள்ளையின் வீட்டிலும் இந்த வழக்கு தெரிந்திருக்க வேண்டும் என்று நினைப்பதால் எழுதுகிறேன். யார் பெயரும் இதில் வராது.

2004-ஆம் ஆண்டு, தேர்வு முடிவுகள் வந்த சில நாட்களில், அந்தப் பையன் படித்த அரசு மேல்நிலைப் பள்ளிக்கு ஒரு நிறுவனத்தின் ஆட்கள் வந்தார்கள். மூன்று ஆண்டுகள் பயிற்சி, மாதம் உதவித்தொகை, முடிவில் சான்றிதழ், பிறகு நிரந்தர வேலை என்று பள்ளியில் வைத்தே சொன்னார்கள். கல்லூரிக்குப் பணம் கட்ட முடியாத குடும்பங்களுக்கு இதைவிட நல்ல செய்தி என்ன இருக்க முடியும்? ஆசிரியர்களும் நல்ல எண்ணத்தோடுதான் பிள்ளைகளை அனுப்பினார்கள். பையனுக்கு அப்போது 17 வயது. மைனர் என்பதால், முத்திரைத் தாளில் அடித்திருந்த பயிற்சி ஒப்பந்தத்தில் அவனுடைய அப்பா கையெழுத்திட்டார். பத்திரம் ஆங்கிலத்தில் இருந்தது. பள்ளியில் சொன்ன சான்றிதழைப் பற்றியோ வேலையைப் பற்றியோ அதில் ஒரு வரிகூட இல்லை என்பது, மூன்று ஆண்டுகள் கழித்து என் மேசையில் வைத்து நான் படித்துச் சொன்னபோதுதான் அவருக்குத் தெரிந்தது.

2007 மார்ச்சில், ஓர் இரவு இரண்டு மணி வாக்கில், பிரஸ்ஸில் சிக்கி அவன் வலது கையின் இரண்டு விரல்கள் போயின. மருத்துவமனைச் செலவை நிறுவனம் கட்டியது. கட்டு அவிழ்த்த சில வாரங்களில் வீட்டுக்கு ஒரு கடிதம் வந்தது. பயிற்சியைத் தொடரும் உடல்தகுதி இல்லாததால் ஒப்பந்தம் முடித்துக்கொள்ளப்படுகிறது என்பது அதன் சாரம்.

விபத்துக்கு முதலில் தொழிலாளர் அரசுக் காப்பீடான ஈஎஸ்ஐ-யைத்தான் நாட வேண்டும். ஆனால் நிறுவனம் அவன் பெயரில் பங்களிப்பே கட்டவில்லை. கேட்டதற்கு, அவன் தொழில் பழகுநர், ஈஎஸ்ஐ சட்டம் அவனுக்குப் பொருந்தாது என்று பதில் சொன்னார்கள். 1961-ஆம் ஆண்டின் தொழில் பழகுநர் சட்டத்தின்கீழ் சேர்க்கப்பட்டவருக்கு ஈஎஸ்ஐ கிடையாது என்பது உண்மை. அதற்காக அந்தச் சட்டம் அவரைக் கைவிட்டுவிடவில்லை. பயிற்சியில் காயம்பட்ட பழகுநருக்கு, 1923-ஆம் ஆண்டின் தொழிலாளர் இழப்பீட்டுச் சட்டப்படி நிறுவனமே இழப்பீடு தர வேண்டும் என்று பழகுநர் சட்டத்தின் 16-ஆம் பிரிவு சொல்கிறது. ஆகவே எங்கள் முன்னால் இரண்டு வழிகள் இருந்தன. அவன் பழகுநர்தான் என்று ஒப்புக்கொண்டு இழப்பீடு வாங்கிக்கொள்ளலாம். இல்லை, அவன் தொழிலாளி என்று நிரூபித்து வேலையையும் ஈஎஸ்ஐ உரிமையையும் கேட்கலாம். முதல் வழி குறுகியது, நிச்சயமானது. இரண்டாவது எப்போது முடியும் என்று எந்த வக்கீலும் வாக்குக் கொடுக்க முடியாதது.

முதல் வழியில் என்ன கிடைக்கும் என்பதை அப்பாவுக்கும் மகனுக்கும் கணக்குப் போட்டுக் காட்டினேன். பழகுநரைப் பொறுத்தவரை, இழப்பீட்டுக் கணக்கில் சம்பளம் என்பது அவர் பெறும் உதவித்தொகைதான். அவனுடைய உதவித்தொகை மாதம் 1,500 ரூபாய். அதில் 60 விழுக்காடு 900 ரூபாய். 20 வயதுக்கு அட்டவணை தரும் காரணி எண் 224. இரண்டையும் பெருக்கினால் 2,01,600. இது முழு ஊனத்துக்கான தொகை. ஒரு கையில் இரண்டு விரல்களை இழந்தால் சம்பாதிக்கும் திறனில் 20 விழுக்காடு இழப்பு என்று இழப்பீட்டுச் சட்டத்தின் அட்டவணை நிர்ணயித்திருந்தது. ஆக, கைக்கு வருவது 40,320 ரூபாய். அவன் 20 வயதுக்காரன், இயந்திர வேலையைத் தவிர வேறு எதுவும் பழகாதவன், போனது வலது கை விரல்கள் என்பதற்கெல்லாம் அந்த வாய்ப்பாட்டில் இடமில்லை.

சமரச அலுவலர் முன்னிலையில் நிறுவனம் 50,000 ரூபாய் தர முன்வந்தது. தான் பழகுநராக மட்டுமே இருந்ததாகப் பையன் எழுதிக் கொடுக்க வேண்டும் என்பது நிபந்தனை. அப்பா தயங்கினார். "கையெழுத்துப் போட்டவன் நானுங்க, வக்கீலய்யா. கோர்ட்ல என்னையத்தான கேப்பாங்க? குடுக்கறத வாங்கிக்கலாங்க" என்றார். மகன்தான் மறுத்தான். "மூணு வருசம் என்ன பண்ணீனு அடுத்த கம்பெனியில கேட்டா, நான் எதைங்க சார் காட்டறது?" என்று கேட்டான். அந்தக் கேள்விக்கு 50,000 ரூபாயில் பதில் இல்லை. பழகுநர் பயிற்சியை முறைப்படி முடித்தவர் தேசிய அளவிலான தேர்வெழுதிச் சான்றிதழ் பெறலாம். அவனுடைய ஒப்பந்தம் அரசின் பழகுநர் பயிற்சி ஆலோசகரிடம் பதிவே செய்யப்படாததால், அந்தத் தேர்வு எழுதும் வாய்ப்பே அவனுக்கு இருக்கவில்லை. இரண்டாவது வழியில் போவது என்று அன்று முடிவானது.

சட்டம் எங்களுக்கு எளிதாக வளைந்து கொடுக்கவில்லை. பழகுநர் தொழிலாளி அல்லர், தொழிலாளர் சட்டங்கள் அவருக்குப் பொருந்தா என்கிறது பழகுநர் சட்டத்தின் 18-ஆம் பிரிவு. பயிற்சி முடிந்தவருக்கு வேலை தரும் கடமை நிறுவனத்துக்கு இல்லை என்றது 22-ஆம் பிரிவு. உத்தரப்பிரதேசப் போக்குவரத்துக் கழகப் பழகுநர்களின் வழக்கில் 1995-இல் உச்ச நீதிமன்றம், மற்ற தகுதிகள் சமமாக இருந்தால் பயிற்சி பெற்றவருக்கு முன்னுரிமை தரலாம் என்ற அளவுக்குத்தான் போனது. பள்ளியில் வாய்மொழியாகச் சொன்ன நிரந்தர வேலைக்கு அதில் ஆதாரம் தேட முடியாது.

பதிவாகாத ஒப்பந்தம் பழகுநர் ஒப்பந்தமே ஆகாது என்று வாதிடுவதுதான் யாருக்கும் முதலில் தோன்றும். அந்த வழியும் அப்போது அடைபட்டிருந்தது. உத்தரப்பிரதேச மின்வாரியம் தொடர்பான வழக்கில், பதிவு செய்யவில்லை என்ற ஒரே காரணத்தால் பழகுநர் தொழிலாளி ஆகிவிட மாட்டார் என்று 2004-இல் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. எதிர்த்தரப்பு வக்கீல் முதல் நாளே அந்தத் தீர்ப்பைத் தாக்கல் செய்தார். எனவே பத்திரத்தை விட்டுவிட்டு, தொழிற்சாலைக்குள் உண்மையில் என்ன நடந்தது என்பதை மட்டுமே வைத்து வழக்கை நடத்த வேண்டியதாயிற்று.

என் வாதம் இதுதான். சட்டம் பழகுநரைத் தொழிலாளர் சட்டங்களிலிருந்து வெளியே எடுப்பது அவரை அநாதையாக விடுவதற்கு இல்லை; வேறொரு பாதுகாப்புக்குள் வைப்பதற்கு. அங்கே அங்கீகரிக்கப்பட்ட பயிற்சித் திட்டம் இருக்க வேண்டும், கற்றுத்தரத் தகுதியுள்ள ஒருவர் பொறுப்பில் இருக்க வேண்டும், கற்றதன் முன்னேற்றத்துக்குப் பதிவேடு இருக்க வேண்டும், இவற்றையெல்லாம் பார்க்க ஆலோசகர் இருக்க வேண்டும். ஆலோசகரின் அனுமதி இல்லாமல் ஓவர்டைம் வாங்கக்கூடாது. இரவு 10 மணி முதல் காலை 6 மணி வரை பயிற்சியில் நிறுத்தவும் அவர் முன்அனுமதி வேண்டும் என்பது 1992-ஆம் ஆண்டின் விதி. இந்தக் கடமைகளில் ஒன்றைக்கூட ஏற்காத நிறுவனம், சட்டம் தரும் விலக்கை மட்டும் எடுத்துக்கொள்ள முடியாது.

நிறுவனத்தின் மேலாளரைக் குறுக்கு விசாரணை செய்தபோது பயிற்சிப் பதிவேட்டைக் கேட்டேன். இல்லை என்றார். பயிற்சி தந்தவரின் பெயரைக் கேட்டேன். ஷிப்ட் ஃபோர்மேன் என்றார். நிரந்தரத் தொழிலாளி ஒரு ஷிப்டில் எத்தனை பீஸ் எடுப்பார், இந்தப் பையன் எத்தனை எடுத்தான் என்று உற்பத்திப் பேரேட்டை வைத்துக் கேட்டேன். இரண்டும் ஏறக்குறைய ஒன்றாகவே இருந்தன. கடைசியாக, தொழிற்சாலை ஆய்வாளருக்கு அவர்களே அனுப்பிய விபத்து அறிக்கையைக் காட்டி, பழகுநர் இரவு இரண்டு மணிக்கு பிரஸ்ஸில் என்ன கற்றுக்கொண்டிருந்தார் என்று கேட்டேன். அவசர ஆர்டர் இருந்தது என்றார் மேலாளர். வழக்கு அந்தப் பதிலில் தீர்ந்தது என்று இன்றும் நம்புகிறேன். அவனை அனுப்பி வைத்த பள்ளி ஆசிரியரும் சாட்சிக் கூண்டேறி, நிறுவனத்தார் பள்ளியில் சொன்னதையெல்லாம் மறைக்காமல் சொன்னார். ஒரு நாள் விடுப்பெடுத்து, தன் செலவில் வந்து அவர் செய்த அந்த உதவியை மறக்க முடியாது.

2011 இறுதியில் தீர்ப்பு வந்தது. பயிற்சி என்று எதுவும் நடக்கவில்லை, மனுதாரர் தொழிலாளியே, மீண்டும் வேலையில் சேர்த்துப் பாதிச் சம்பளப் பாக்கி தர வேண்டும் என்றது நீதிமன்றம். நிறுவனம் உயர் நீதிமன்றத்தில் ரிட் மனு போட்டது. அந்த வழக்கு நிலுவையில் இருக்கும்வரை, தொழிலாளிக்கு அவர் கடைசியாக வாங்கிய சம்பளத்தை மாதாமாதம் தர வேண்டும் என்று தொழில் தகராறு சட்டத்தின் 17பி பிரிவு சொன்னது. பசியைக் காட்டித் தொழிலாளியைப் பணிய வைக்கக் கூடாது என்பதற்காகவே வந்த நல்ல பிரிவு அது. ஆனால் இவன் கடைசியாக வாங்கியது 1,500 ரூபாய். அதை வாங்கவும், வேறு எந்த நிறுவனத்திலும் வேலையில் இல்லை என்று பிரமாணப் பத்திரம் தாக்கல் செய்ய வேண்டும். மீதமிருந்த விரல்களை வைத்துக்கொண்டு அவன் அப்போது ஒரு லேத் பட்டறையில் வேலை பார்த்துக்கொண்டிருந்தான். பொய் எழுதவும் முடியாது, பட்டறையை விடவும் முடியாது. அந்தப் பிரிவால் அவனுக்கு ஒரு ரூபாய்கூடக் கிடைக்கவில்லை.

2013-இல் இரு தரப்பும் சமரசத்துக்கு வந்தோம். மொத்தமாக ஒரு தொகை, ஈஎஸ்ஐ-க்குக் கட்டாமல் விட்ட பங்களிப்பு இரண்டையும் கட்ட நிறுவனம் சம்மதித்தது. பையன் வைத்த மூன்றாவது நிபந்தனையில்தான் பேச்சு பல நாட்கள் இழுத்தது. இன்ன தேதி முதல் இன்ன தேதி வரை பிரஸ் ஆபரேட்டராக வேலை பார்த்தான் என்று நிறுவனத்தின் தாளில் அனுபவச் சான்று வேண்டும் என்றான். பணத்தில் விட்டுக்கொடுத்தவர்கள் இந்த நான்கு வரிகளுக்கு மல்லுக்கு நின்றார்கள். எழுதிக் கொடுத்தால் மற்றப் பிள்ளைகளும் கேட்பார்களே என்ற பயம்தான் காரணம். கடைசியில் கொடுத்தார்கள். அந்தச் சான்று அவன் கைக்கு வந்தபோது அவனுக்கு 26 வயது.

அதற்குப் பிறகு சட்டம் சில இடங்களில் திருந்தியிருக்கிறது. 2014-இல் வந்த திருத்தப்படி, பயிற்சி முடித்தவர்களை வேலைக்கு எடுப்பது குறித்து ஒவ்வொரு நிறுவனமும் தனக்கென ஒரு கொள்கை வகுக்க வேண்டும். ஒப்பந்தங்களை இணையதளத்தில் பதிய வழி வந்தது. 2019-இல் திருத்திய விதிகள், பத்தாம் வகுப்பு முடித்தவருக்கு மாதம் 6,000 ரூபாய், பிளஸ் டூ முடித்தவருக்கு 7,000 ரூபாய் என்று குறைந்தபட்ச உதவித்தொகையை உயர்த்தின. தமிழ்நாட்டில் 2022 முதல் 'நான் முதல்வன்' திட்டம் உயர்கல்விக்கும் வேலைக்கும் வழிகாட்டுகிறது. இவை நல்ல மாற்றங்கள். ஆனாலும் பள்ளி வாசலுக்கு வரும் நிறுவனம் நீட்டும் தாளைப் படித்துப் பார்க்கப் பிள்ளைக்குக் கற்றுக்கொடுக்காத வழிகாட்டுதல் பாதி வழிகாட்டுதல்தான். இன்று பலரும் நீட்டும் தாள் இன்டர்ன்ஷிப் என்ற பெயரில் வருகிறது. அதற்கென்று தனிச் சட்டமே கிடையாது. பழகுநருக்கு இருக்கும் 16-ஆம் பிரிவுகூட அங்கே துணைக்கு வராது.

ஆகவே பெற்றோரையும் ஆசிரியர்களையும் கேட்டுக்கொள்கிறேன். பிள்ளையைப் பயிற்சிக்கு அனுப்பும் முன் நான்கு கேள்விகளுக்கு எழுத்தில் பதில் வாங்குங்கள். இந்த ஒப்பந்தம் பழகுநர் சட்டத்தின்கீழ் பதிவாகிறதா, அதன் பதிவு எண் என்ன? என்ன தொழிலை, யார் கற்றுத்தருவார்? முடிவில் எந்தத் தேர்வு, யார் தரும் சான்றிதழ்? காயம் பட்டால் யார் பொறுப்பு? ஒப்பந்தத்தின் ஒரு பிரதி உங்கள் வீட்டில் இருக்கட்டும். வாயால் சொன்ன எதையும் தாளில் எழுதச் சொல்லுங்கள். எழுத மறுத்தால் பிள்ளையை அழைத்துக்கொண்டு திரும்பி வந்துவிடுங்கள்.