அம்பரப்பர் மலையடியில் ஒரு நாள்

ஸ்பெயின் நாட்டில் பணிபுரியும் அருட்சகோதரி ஒருவர், எங்கள் பங்கில் பிறந்து வளர்ந்தவர், சென்ற பாஸ்கா காலத்தில் எங்களுக்கு ஒரு வாழ்த்து அட்டை அனுப்பியிருந்தார். அந்நாட்டின் தென்பகுதியாகிய ஆந்தலூசியாவில், மலைச்சரிவில் தொற்றிக்கொண்டிருக்கும் ஓர் ஊரின் படம் அது. வீடுகள் யாவும் ஒரே வெண்மை. சுண்ணாம்புச் சுவர் வெயிலைத் திருப்பி அனுப்பி வீட்டைக் குளிர வைக்கிறது என்றும், கொள்ளைநோய்க் காலங்களில் கிருமிகளை அழிக்கவும் அங்கே சுண்ணாம்பு பூசினர் என்றும், இப்பொழுது அவ்வூர்களைக் காணப் பல நாட்டவர் வந்து குவிகின்றனர் என்றும் எழுதியிருந்தார். அட்டையை ஆலய அறிவிப்புப் பலகையில் குத்தி வைத்தோம். பாடகர் குழுச் சிறுமி ஒருத்தி நெடுநேரம் அதைப் பார்த்துவிட்டு, "சாமி, நம்ம பக்கத்துல இந்த மாதிரி ஊர் இல்லையா?" என்று கேட்டாள்.

இவ்வாறுதான் பொட்டிபுரம் பயணம் தொடங்கிற்று. அச்சிறுமி, அவள் தகப்பனார், எங்கள் உபதேசியார், இயற்பியலில் முதுகலை முடித்துவிட்டு வேலைக்குக் காத்திருக்கும் பங்கு இளைஞர் ஒருவர் ஆகியோருடன் ஒரு சனிக்கிழமை விடியற்காலைத் திருப்பலிக்குப் பின் வேனில் புறப்பட்டோம். இளைஞர் தாமாகவே கேட்டு எங்களுடன் சேர்ந்துகொண்டார். அதற்குக் காரணம் உண்டு, பின்னர் கூறுவோம்.

போடிநாயக்கனூரை விடியற்காலையில் பார்க்காதவர் போடியைப் பார்க்காதவரே. இருள் பிரியுமுன் ஜீப்புகள் வரிசையாக நிற்கின்றன. தூக்குச் சட்டியும் மழைக்குப் போர்த்தும் பிளாஸ்டிக் தாளும் கையுமாகப் பெண்கள் ஏறிக்கொள்கின்றனர். ஒரு ஜீப்பில் எத்தனை பேர் அமர்ந்திருந்தனர் என்று சிறுமி எண்ணத் தொடங்கி, பாதியிலேயே விட்டுவிட்டாள். பதினேழு கொண்டை ஊசி வளைவுகளைக் கடந்து போடிமெட்டு ஏறி, இடுக்கி மாவட்டத்து ஏலத்தோட்டங்களுக்குச் சென்று, மாலையில் திரும்பி வரவேண்டும். ஏலச்செடி ஆள் உயரத்துக்கு மேல் வளர்ந்தாலும் காய் பிடிக்கும் சரமோ அடித்தூரில், தரையோடு படர்ந்து கிடக்கிறது. ஆகவே நாள் முழுவதும் குனிந்தோ குந்தியோதான் காய் எடுக்க இயலும். ஏறத்தாழ ஐந்து கிலோ பச்சைக்காயை உலர்த்தினால் ஒரு கிலோ ஏலக்காய் தேறும். பாயசத்தில் இரண்டு காயைத் தட்டிப் போடும் நம் இல்லத்தரசிகள் இதை ஒருமுறை எண்ணிப் பார்க்கலாம். ஏலத்தால் ஊருக்குப் பெயர். ஏலமிடும் கூடங்கள் அங்குண்டு. ஆயினும் செடி வளர்வது மலைமுகட்டுக்கு அப்பால். எங்கள் இளைஞரின் தாயாரும் அன்று காலை அத்தகைய ஜீப் ஒன்றில் ஏறிச் சென்றவரே. மகனுடைய கல்லூரிக் கட்டணம் இருபது ரூபாயும் ஐம்பது ரூபாயுமாக அந்த மலையிலிருந்துதான் இறங்கி வந்தது.

போடியிலிருந்து தேவாரம் செல்லும் சாலையில் சிலமலை, இராசிங்காபுரம் ஆகிய ஊர்களைக் கடந்து சென்றோம். வலப்புறம் மேற்குத் தொடர்ச்சி மலை சுவர்போல உடன் வருகிறது. தென்மேற்குப் பருவ மழையை அச்சுவரே மறித்து அப்புறம் கொட்டச் செய்துவிடுவதால், இப்புறம் வருவது பெரும்பாலும் காற்றும் சாரலும்தான். சோளம், மக்காச்சோளம், தென்னை, இடையிடையே இலவமரம். கிணறு உள்ளவர் தோட்டம் பசுமையாகவும், கிணறு வற்றியவர் நிலம் செந்தரையாகவும் காட்சியளித்தன. இந்த வேறுபாட்டை வேனில் இருந்தபடியே குழந்தையும் கண்டுகொள்ளலாம்.

பொட்டிபுரத்தில் இறங்கியதும் சிறுமிக்கு ஏமாற்றம். வெள்ளை ஊரைத் தேடி வந்தவளை வரவேற்றவை இளஞ்சிவப்பு, கிளிப்பச்சை, ஊதா நிற வீடுகள்! நம் இளமையில் இப்பக்கத்து ஊர்கள் யாவும் தைத்திங்களில் வெண்மையாகிவிடும். பானையிலிட்ட சுட்ட சுண்ணாம்பின் மீது நீரை ஊற்றியதும் அது சீறிக் கொதிக்கும். சிறிது நீலம் கலந்து, மட்டையால் அடித்து, அடியில் காவிப்பட்டை தீட்டுவார்கள். இன்று கடையில் வாளி வாளியாக வண்ணம் கிடைக்கிறது. அதைக் குறை கூற நமக்கு உரிமையில்லை; எங்கள் பங்கு இல்லத்துக்கும் சென்ற ஆண்டு மஞ்சள் வண்ணமே பூசினோம். ஊரின் மேற்கு ஓரத்தில் ஒரு வீடு மட்டும் அப்பழுக்கற்ற வெண்மையாய் நின்றது. அவ்வீட்டுப் பாட்டி எங்களைத் திண்ணையில் அமர்த்தி மோர் தந்தார். அத்திண்ணையிலிருந்து நேரெதிரே தெரிவது அம்பரப்பர் மலை.

இம்மலையின் பெயரை வாசகர்கள் செய்தித்தாள்களில் கண்டிருப்பீர்கள். நியூட்ரினோ என்னும் மிக நுண்ணிய துகளை ஆராயும் கூடம் ஒன்றை இதன் அடியில் அமைக்க 2015 சனவரியில் மத்திய அரசு ஒப்புதல் அளித்தது. மதிப்பீடு ஏறத்தாழ 1,500 கோடி ரூபாய். கதிரவனிலிருந்து வரும் இத்துகள்கள் ஒவ்வொரு நொடியும் நம் கட்டைவிரல் நகத்தளவு இடத்தினூடே சுமார் 6,500 கோடி பாய்ந்து செல்கின்றன. நமக்கு ஒன்றும் தெரிவதில்லை, ஒரு தீங்கும் இல்லை. விண்ணிலிருந்து பொழியும் பிற துகள்களைப் பாறை தடுத்துவிடும் ஆழத்தில்தான் இவற்றைப் பிரித்தறிய முடியும். கோலார் தங்கச் சுரங்கத்தின் ஆழத்தில் 1965-ஆம் ஆண்டு இந்திய அறிஞர்கள் பங்கேற்ற ஆய்வில், காற்றுமண்டலத்தில் உருவாகும் நியூட்ரினோவின் தடம் பதிவானது உலகம் போற்றிய செய்தி. இங்கே சுமார் 2 கிலோமீட்டர் நீளச் சுரங்கப்பாதை குடைந்து, எப்பக்கமும் 1 கிலோமீட்டருக்குக் குறையாத பாறைக் காப்புக்குள் 50,000 டன் எடையுள்ள காந்த இரும்புக் கருவியை நிறுவுவதே திட்டம். பாறையோ சார்னோகைட் என்னும் கடினமான இனம். சென்னையில் நாம் திருப்பயணமாக ஏறும் புனித தோமையார் மலையும் இதே இனப் பாறையே.

எதிர்ப்பு எழுந்தது. வழக்குகள் வந்தன. 2018-இல் மத்திய அரசு சுற்றுச்சூழல் அனுமதி வழங்கிற்று. ஆனால், புலிகள் நடமாடும் காட்டு வழி இது என்று கூறித் திட்டத்தை அனுமதிக்க இயலாதெனத் தமிழ்நாடு அரசு 2022 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றத்தில் தெரிவித்தது. மலை குடையப்படவில்லை.

இங்கே நாம் ஒன்றை ஒப்புக்கொள்ள வேண்டும். 2015-இல் பங்குக் கூட்டத்தில் சிலர் இதுபற்றிக் கேட்டபோது, குருமடத்தில் பயின்ற சிறிது அறிவியலை நம்பி, "வீண் அச்சம் வேண்டாம், படிக்காதவர்கள் கிளப்பும் புரளி" என்று பேசி அமர்ந்தோம். இந்த ஊரை அதுவரை நாம் கண்ணால் கண்டதில்லை. அக்கூட்டத்தின் பின்வரிசையில் அமர்ந்திருந்த பள்ளிச் சிறுவன்தான் இன்று எங்களுடன் வந்த இளைஞர். அன்றைய பேச்சைக் கேட்டே இயற்பியல் படிக்க முடிவு செய்ததாக வேனில் கூறினார். மதுரையில் அமைத்துள்ள 85 டன் மாதிரிக் கருவியைப் பற்றிச் சொல்லும்போது அவர் கண்கள் ஒளிர்ந்தன. மலைக்குள் கூடம் வந்தால் அங்கே பணியாற்ற வேண்டும் என்பது அவர் கனவு.

பாட்டியிடம் அவர் பொறுமையாக விளக்கினார். கதிர்வீச்சு வராது, நியூட்ரினோ யாரையும் எரிக்காது என்றார். பாட்டி முழுவதும் கேட்டார். பின்பு, "அது எரிக்காதுன்னு நீ சொன்னா நம்புறேன் தம்பி. மலைக்குள்ள வெடி வெச்ச பெறகு என் கெணத்துல ஊத்து இருக்குமா? அத மட்டும் சொல்லு" என்றார்.

இளைஞர் எம்மைப் பார்த்தார். நாமோ மோர்ச் செம்பைப் பார்த்தோம்.

கேள்வி நியாயமானது. இத்தாலியில் கிரான் சாசோ மலைக்கடியில் இத்தகைய ஆய்வுக்கூடம் பல ஆண்டுகளாகச் சிறப்புறப் பணியாற்றுகிறது. ஆனால் அம்மலையில் நெடுஞ்சாலைக்காகச் சுரங்கம் குடைந்தபோது நிலத்தடி நீர் பெருகி வெளியேறி, நீர்மட்டம் தாழ்ந்தது. 2002-இல் கூடத்தில் சிந்திய சிறிதளவு வேதிப்பொருள் ஓடையில் கலந்து பெரும் வழக்காயிற்று. அறிவியல் பொய் சொல்லவில்லை. தண்ணீரும் தன் வழியில் போகாமல் இருக்கவில்லை. இளைஞருக்கு இச்செய்தி தெரியும். அதனால்தான், எளிதாகச் சொல்லியிருக்கக்கூடிய "ஒன்றும் ஆகாது" என்ற சொல்லை அவர் சொல்லவில்லை. "உறுதியாத் தெரியாது பாட்டி" என்றார்.

"அப்படிச் சொன்ன மொத ஆளு நீதான்" என்று கூறி, அவருக்கு மட்டும் இன்னொரு செம்பு மோர் ஊற்றினார் பாட்டி.

நண்பகலில் மலையடி வரை நடந்தோம். முட்செடிகள், கருகிய புல், மேய்ச்சலுக்கு ஓட்டிச் செல்லும் மாடுகளின் மணியோசை. மலையை நோக்கிக் கைகூப்பிய முதியவர் ஒருவர், நாங்கள் யார், எதற்கு வந்தோம் என்று கேட்காமல் நிழலான இடத்தைக் காட்டினார். அங்கமர்ந்து புளிச்சோறு உண்டோம். ஒரு மணி நேரம் யாரும் அதிகம் பேசவில்லை. மேற்கே மேகம் முகட்டின் மீது ஏறி, எங்கள் பக்கம் எட்டிப் பார்த்து, இறங்காமல் கலைந்தது.

அந்திசாயும் வேளை போடி வந்தடைந்தபோது ஜீப்புகள் மலையிறங்கிக்கொண்டிருந்தன. இளைஞர் வேனை நிறுத்தச் சொல்லி இறங்கி, ஒரு ஜீப்பிலிருந்து இறங்கிய தம் தாயாரின் தூக்குச் சட்டியை வாங்கிக்கொண்டார். அந்த அம்மாளின் சேலையிலிருந்து ஏலக்காய் மணம் வேன் வரை வந்தது.

"மலையப் பாத்தியா?" என்றார் தாயார்.

"பாத்தேம்மா."

"வேலை வருமா?"

"தெரியலம்மா. ஊத்து என்னாகும்னு மொதல்ல படிக்கணும்."

அம்மாள் சற்று நின்றார். "அதுக்கும் ஃபீஸ் கட்டணுமா?" என்று கேட்டுவிட்டு, எங்களைக் கண்டு, "தோத்திரம் சாமி" என்று கைகூப்பினார். வேனில் சிறுமி தகப்பனார் மடியில் உறங்கிவிட்டாள். பாட்டி வீட்டுச் சுவரில் சாய்ந்த தோள்பட்டையில் வெள்ளைச் சுண்ணாம்பு அப்படியே ஒட்டியிருந்தது.